சாக்கடையில் கொரோனா தேடிய ஐந்து நாள்

திருவனந்தபுரம் போய் வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "டூர் எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். போளியும் பால்பாயசமும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறேன். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஐந்து நாளில் நான் செய்துவிட்டு வந்த ஒரு காரியத்தை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் பாரம் குறையுமா என்று பார்க்கிறேன்.

நான் திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியை எல்லாம் ராப்பகலாகப் பரிசோதித்துத் தள்ளிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. இப்போது யாரும் மூக்கை நீட்டுவதில்லை. காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிருமி மட்டும் போகவில்லை, உருமாறி உருமாறி வந்துகொண்டுதான் இருக்கிறது. எந்த உருமாற்றம் ஊரில் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள இப்போது சுலபமான வழி, ஊர்ச் சாக்கடை. நோய் வந்தவர்களின் கழிவோடு கிருமியின் மரபணுவும் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்தால் போதும். திருவனந்தபுரத்தில் ஒரு கூடத்தில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள், போய்க் கற்றுக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

முதல் நாளே தகராறு. கையில் துணிப்பை, தோளில் மாற்றுடை, இடுப்பில் பெரிய தெர்மாகோல் பெட்டி. பெட்டி காலி. மாதிரி பாட்டில்களை ஐஸில் வைக்க எங்கள் அலுவலகம் கொடுத்து விட்டது. டவுன் பஸ் கண்டக்டர் ஏற விடவில்லை. "மீன் என்றால் அடுத்த வண்டி" என்று மலையாளத்தில் சொன்னார். மீன் இல்லை, சயின்ஸ் என்றேன். "எந்தச் சயின்ஸ் ஆனாலும் நாறினால் இறக்கிவிடுவேன்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. திரும்பி வரும்போது உள்ளே இருக்கப்போவது என்ன என்று தெரிந்திருந்தால் அந்த மனிதர் டிக்கெட்டே கொடுத்திருக்க மாட்டார்.

கூடத்தின் பொறுப்பாளர் பெயர் பிந்து. என் வயதுதான் இருக்கும். நான் தமிழ் பேச, அவர் மலையாளம் பேச, இடைவெளியை ஆங்கிலத்தால் அடைத்துக்கொண்டு ஐந்து நாளும் ஓட்டிவிட்டோம். மத்தியானம் கேன்டீனில் சிவப்பரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் ஒரு தனி மனுசன் போல விறைத்துக்கொண்டு நின்றது. எங்கள் ஊரில் சோற்றைப் பிசைந்தால் அது நம் பேச்சைக் கேட்கும், இது கேட்கவே இல்லை. குடிக்கக் கொண்டுவந்து வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பு நிறம். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பார்களாம். எங்கள் கூடத்தில் சளி எடுத்த குச்சியைப் போட்டு வைக்கிற திரவமும் அச்சாக இதே நிறம். பிந்து மடக்மடக்கென்று குடித்தார். நான் அன்றைக்குத் தொண்டை காய்ந்தபடியே எழுந்தேன்.

சாயங்காலம் 'சாலை' என்று பெயர் கொண்ட பழைய பஜாருக்குப் பின்னால் ஒரு சந்துக்குப் போனோம். முன்பக்கம் அரிசி மூட்டையும் மிளகாய் நெடியும் தமிழ்ச் சத்தமும். "வழி விடுங்கண்ணே!" என்று யாரோ கத்தியபோது ஒரு நிமிடம் எங்கள் ஊர் டவுன் ரதவீதியில் நிற்கிற மாதிரியே இருந்தது. பின்பக்கச் சந்தில் பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி. அதைத் திறந்து தருவதற்கு அடைப்பு எடுக்கிற ஒப்பந்த லாரியில் வேலை செய்கிற ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, பெயர் தங்கையா.

இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "மேடம் திருநவேலியா? பேச்சுலயே தெரியுதுல்லா! எங்களுக்குச் சங்கரன்கோயில் பக்கம். இங்க வந்து முப்பது வருசம் கழிஞ்சு." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நொடியிலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி.

வேலை சின்னதுதான். மருத்துவத் துணிப்பஞ்சைச் சதுரமாக மடித்துத் தூண்டில் நரம்பில் கட்டி, ஓடுகிற கழிவுநீரில் தொங்கவிட வேண்டும். மறுநாள் எடுத்துப் பிழிய வேண்டும். ராத்திரி முழுக்க அந்தப் பக்கம் ஓடியதெல்லாம் பஞ்சில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அண்ணாச்சி நரம்பைச் சாக்கடைக்குள் இறங்குகிற இரும்புப் படியில் முடிச்சுப் போட்டார்.

"இது எதுக்கு மேடம் கெட்டித் தொங்கவிடுதிய? மீன் பிடிக்கவா?" என்றார்.

ஊர்க்காரர் கேட்கிறாரே என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். கொரோனாக் கிருமிக்குள் முப்பதாயிரம் எழுத்து ஒரே வரிசையில் இருக்கிறது, ஆளிலிருந்து ஆளுக்குப் போகிறபோது நடுவில் ஒன்றிரண்டு எழுத்து மாறிவிடும், அந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கிருமி எங்கிருந்து எங்கே போனது என்று சொல்லிவிடலாம் என்றேன்.

"எங்க இருந்துன்னா? ஊரா, ஆளா?"

"சில நேரம் ரெண்டுமே அண்ணாச்சி" என்றேன், என்னவோ அந்த மரபணுவை நானே உட்கார்ந்து எழுதின மாதிரி. சாக்கடையில் ஊர்க் கிருமியெல்லாம் கலந்து கிடக்கும், அதில் யாருடையது எது என்று பிரிக்கவே முடியாது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா, பெருமையில் விட்டேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

"இது வல்லிய படிப்பால்லா!" என்றார் அவர். மூடியை இழுத்துப் போட்டுவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் ஆப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டேன். தேங்காய்ப் பாலில் ஊறிய அந்தக் கறுப்புக் கடலைக்கு எங்கள் ஊர்ச் சாம்பாரை நான் விட்டுக்கொடுப்பேன். வீட்டில் யாரும் இதைப் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிறகு சந்துக்குப் போய்ப் பஞ்சை எடுத்தோம். சாம்பல் நிறத்தில் கனத்துப்போய் வந்தது. பிழிந்து பாட்டிலில் நிரப்பி, ஐஸில் புதைத்தேன். ஆட்டோ வருவதற்கு நேரமிருந்தது. பிந்து வேறோர் இடத்துக்குப் போயிருந்தார். அண்ணாச்சியும் நானும் சந்து முனை டீக்கடையில் நின்றோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி, நேந்திரம்பழத்தில் போட்ட பஜ்ஜி, பளபளத்தது. நான் இரண்டு எடுத்தேன். அவர் பால் இல்லாத கட்டன்சாயா மட்டும் வாங்கிக்கொண்டார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

கேளுங்கள் என்றேன், வாய் நிறையப் பழம்பொரியோடு.

"என் வீட்டுக்காரி பேச்சி, கொரோனா ரெண்டாவது வந்த சமயத்துல போயிட்டா. அவ வாசல் தாண்டல மேடம். முட்டுவலி. மக செல்வி அப்ப கழக்கூட்டத்துல ஒரு ஹாஸ்டல்ல சமையலுக்கு நின்னா, அங்கேயே அடைச்சுப் போட்டுட்டாங்க. வீட்டுல நானும் பேச்சியும்தான். வெளிய போய்ட்டு வந்தது நான் ஒருத்தன் மட்டும்தான். ஊரெல்லாம் அடைச்சாலும் சாக்கடை வேலைய அடைக்க முடியுமா, பின்னே?" சாயாவை ஒரு வாய் குடித்தார். "எனக்கு ஒரு தும்மல்கூட வரல, கேட்டோ. அவளுக்குத்தான் வந்துது."

நான் உச்சுக் கொட்டினேன்.

"இந்தத் தண்ணியில அந்தக் கிருமி உண்டுன்னு சொல்லுதிய. அப்ப இதுல இருந்து என் கையில ஒட்டி, என் கையில இருந்து அவளுக்குப் போயிருக்குமா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். சாக்கடையில் கிடைப்பது கிருமியின் உடைந்த துண்டுகள். அப்படி ஒட்டி யாருக்கும் நோய் வந்ததாக ஒருவரும் காட்டியதில்லை. "இல்ல அண்ணாச்சி" என்று இரண்டு சொல்லில் முடித்திருக்க வேண்டும்.

ஆனால் எங்கள் தொழிலில் யாரும் 'இல்லை' என்று எழுதுவதே கிடையாது. கிருமி இல்லாத ரிப்போர்ட்டிலும் 'கண்டறியப்படவில்லை' என்றுதான் போடுவோம். நாளைக்கு ஒருவன் வந்து கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். இருபது வருடம் அப்படி எழுதி எழுதி, வாயும் அதே வழியில் பழகிவிட்டது.

"அப்படிப் பரவினதா இதுவரைக்கும் ஆதாரம் இல்ல அண்ணாச்சி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இல்லவே இல்லன்னு உறுதியாச் சொல்லவும் முடியாது."

"அப்ப போயிருக்கலாம்."

"வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி."

"கம்மின்னா உண்டுன்னுதான?"

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்துவிட்டது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றம் எனக்கு. "நீங்க ஒண்ணு அண்ணாச்சி, அதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காதிய" என்று சிரித்துவிட்டுப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தேன். அவர் கிளாஸைப் பிடித்தபடி நின்றது கண்ணில் பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

போகிற வழியில் ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பெட்டி மூடி பறந்தது, ஐஸ்கட்டி எல்லாம் என் மடியில். பாட்டில் ஒன்று உருண்டு டிரைவர் காலடிக்குப் போனது. அவர் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கஷாயமா சேச்சி?" என்றார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டேன். பாட்டில் உடையவில்லை. சேலை நனைந்ததுதான் அன்றைய பெரிய கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பிந்து ஒரு ஓட்டலுக்கு அழைத்துப்போய் இலையில் மஞ்சள் போளியை வைத்து, அதன் மேல் பால்பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். எங்கள் ஊரில் போளியை நெய் தொட்டுச் சாப்பிடுவோம், இப்படிப் பாயசத்தில் முக்கி எடுக்கிற தைரியம் யாருக்கும் வந்ததில்லை. இரண்டு இலை காலி செய்தேன். நான் விரலை நக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அண்ணாச்சி தன் தட்டையும் பாயையும் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் கழக்கூட்டம். ஐ.டி. கம்பெனிகளும் ஹாஸ்டல்களும் இருக்கிற பக்கம். எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் தங்குகிற இடம் என்பதால் புதுசாக எது நுழைந்தாலும் அங்கே முதலில் தெரியும் என்றார் பிந்து. நெடுஞ்சாலையில் நாங்கள் ஏறிப்போன அடைப்பு எடுக்கிற லாரி அசையவில்லை. முன்னாலும் பின்னாலும் கார்கள், ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரே ஒரு ஆள், காதில் ஒயர். எங்கள் ஊரில் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஆளுக்கொரு வழி சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் இறங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

அண்ணாச்சி அன்றைக்கு டிரைவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் குழாய்ச் சுருளோடு ஏறிக்கொண்டார். வெயிலாச்சே என்றேன். "அது சாரமில்ல மேடம், பரவால்ல" என்றார். மத்தியானம் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் பொட்டலமாக வந்தன. எல்லாரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்தோம். அவர் தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். விரதம் கிரதம் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு, மீன்கறிக் காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது லாரிக்குப் பக்கத்தில் வந்து ஓர் ஓரமாக நின்றார். "மேடம், அன்னைக்கு மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்கல்லா, அதையெல்லாம் எங்க வச்சிருப்பாங்க?"

மறுபடியும் பாடம் நடத்தினேன். கிருமி அதிகமாக இருக்கிற மாதிரிகளில் கொஞ்சத்தை மட்டும் மரபணு படிக்க அனுப்புவோம், மற்றதைச் சில நாள் வைத்திருந்து அழித்துவிடுவோம் என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"இடம் வேணும்ல அண்ணாச்சி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல வந்துதே."

தலையை ஆட்டினார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்கு உறைக்கவே இல்லை. மனைவியின் மூக்கிலிருந்து எடுத்த சளி எங்கேயாவது ஒரு குளிர்பெட்டியில் மிச்சம் இருக்குமா, அதைப் படித்துப் பார்த்தால் தன் கையிலிருந்து போனதா இல்லையா என்று தெரிந்துவிடுமா என்று அந்த மனிதர் கேட்டிருக்கிறார். நான் இடப் பற்றாக்குறை பற்றிப் பேசியிருக்கிறேன்.

அன்று மாலை கூடத்தில் மாதிரியை மரபணு படிக்கிற கருவியில் ஏற்றினோம். கைபேசி அளவுதான் இருக்கிறது. லேப்டாப்பில் சொருகியதும் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. எனக்குப் புல்லரித்தது. ஒரு ஊர் மொத்தத்தின் நோயும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் போய் எழுத்தாக வெளியே வருகிறதே என்று பிந்துவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

நான்காம் நாள் காலை. கூடத்து வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தி, ஒரு பெண் ஒரு மணி நேரமாகக் காத்திருப்பதாகச் சொன்னார். முப்பது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானே திருநவேலி மேடம்? நான் செல்வி, தங்கையா மக. அப்பாகிட்ட நீங்க என்ன பறைஞ்சீங்க?"

என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா வீட்டுக்குள்ள கேறல. லாரி ஷெட்டுல படுக்காரு. தட்டு, டம்ளர், பாய் எல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாரு. என் மகளுக்கு இப்பத்தான் ஒரு வயசு திகைஞ்சிருக்கு, அவர் மடியிலதான் உறங்கும். அதைத் தொட மாட்டேங்காரு. சந்து முனையில நின்னு பாத்துட்டுப் போறாரு. எதுக்குப்பான்னு கேட்டா, படிச்ச மேடமே சொல்லிட்டாங்க, உங்கம்மாவைக் கொன்னது என் கைதான், இதையும் கொல்லணுமான்னு கேக்காரு."

"நான் அப்படிச் சொல்லலயேம்மா. வாய்ப்பு ரொம்பக் கம்மின்னுதான்..."

"அம்மா போனப்ப ஒரு வருசம் அவர் யார்கிட்டயும் மிண்டல, ஒரு வார்த்தை பேசல. சாப்பாட்டை ஊட்டித்தான் விடணும். நாங்க பேசிப் பேசி, இந்தக் குழந்தை வந்தபிறகுதான் மனுசனா ஆனாரு. அதை நீங்க ஒரு சாயா குடிக்கிற நேரத்துல..." துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சாலை பஜாருக்குப் பின்னால் தன் வீடு எங்கே என்று சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலம் வாங்க. அந்நேரத்துக்கு அவர் வருவாரு. நீங்க கெட்டினது, நீங்களே அவிழ்த்து விடுங்க."

உள்ளே போய் பிந்துவிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"இல்லை என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார்.

"விஞ்ஞானப்படி பார்த்தா நாம அப்படிச் சொல்ல முடியாதே பிந்து."

"அவர் விஞ்ஞானம் கேட்கவில்லையே."

திரையில் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. எந்தெந்த உருமாற்றம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வண்ணக் கோடுகளாக வரைந்து காட்டியது. நான் பார்த்தது வேறு. முப்பதாயிரம் எழுத்தும் முழுதாக ஒரு இடத்தில்கூட இல்லை. எல்லாம் முறிந்த துண்டுகள். உயிருள்ள கிருமி இப்படியா இருக்கும்? இதைக் காட்டினால் அண்ணாச்சி நம்புவார் என்று ஒரு தாளில் அச்செடுத்து நான்காக மடித்துப் பையில் வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் கேன்டீனில் வைத்ததை அப்படியே மூடினேன்.

ஐந்தாம் நாள் மாலை செல்வி வீட்டுக்குப் போனேன். அரிசி மண்டிச் சுவரை ஒட்டிய ஒற்றை அறை வீடு. பின்னால் சமையல், முன்னால் ஒரு கட்டில். மறுத்துப் பேச விடாமல் சாயா போட்டுத் தந்தாள். முந்தின நாள் கோபம் முகத்தில் இல்லை, நான் ஏதோ மருந்து கொண்டுவந்த டாக்டர் மாதிரி என் பையையே பார்த்தாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. குழந்தை தரையில் ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

சொன்னபடி அவர் வந்தார். வாசலுக்குப் பத்தடி தள்ளி, எதிர்ச்சுவர் ஓரமாக நின்றார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். "ஊருக்கு இன்னைக்குத்தானே மேடம்?"

நான் வாசல்படிக்கு வந்து நின்றேன். "அண்ணாச்சி, அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். சாக்கடையில இருந்து உங்க கை வழியா அவங்களுக்குப் போகல. போகவே போகாது."

அவர் கவனமாகக் கேட்டார்.

தாளை விரித்துக் காட்டினேன். "இது நாம எடுத்த தண்ணி. பாருங்க, ஒண்ணாவது முழுசா இருக்கா? எல்லாம் நொறுங்கிப்போன துண்டு. இது யாருக்கும் ஒட்டாது."

கிட்டே வராமல், கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். "இது இப்ப உள்ளதுல்லா மேடம். அன்னைக்கு உள்ளது எப்படி இருந்துதோ."

எங்கள் கூடத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நான் பாராட்டியிருப்பேன்.

"அவங்களுக்குக் காத்து வழியா வந்திருக்கும் அண்ணாச்சி. தண்ணி கொண்டு வந்தவங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, யார்கிட்ட இருந்து வேணும்னாலும் வந்திருக்கும். ஊர் பூரா இருந்துதே."

"அன்னைக்கு முதல்ல கேட்டப்ப ஏன் இப்படிச் சொல்லல?"

நான் ஏதேதோ சொன்னேன். எங்கள் வேலைப் பழக்கம், நூற்றுக்கு நூறு நிரூபிக்காமல் எதையும் இல்லை என்று சொல்லக் கூடாது என்று கற்றுக்கொடுத்தது, அது ரிப்போர்ட்டுக்கு எழுதுகிற பதில், அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டேன். மண்டியிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"நீங்க எதுக்கு மேடம் மன்னிப்புக் கேக்கிய?" என்றார் அவர், என்னைத் தேற்றுகிற மாதிரி. "அன்னைக்கு நீங்க என்னையப் பத்தி ஒண்ணும் அறியாம, உள்ளதைச் சொன்னிய. இப்ப செல்வி வந்து அழுதது மனசுல இருக்கு, அதனால மாத்திச் சொல்லுதிய. நல்ல மனசு. பட்சே எனக்கு எது உள்ளதுன்னு தெரியும்."

செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறபோது நம்ப வைக்க ஒன்றுமே இல்லாமல் நின்றது என் வேலைக் காலத்தில் இதுதான் முதல் தடவை. காதில் விழுந்த பொய்யை, அதுவும் பொய்கூட இல்லை, ஒரு வழவழா பதிலை, அவர் எப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்!

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை. உள்ளே திரும்பி, தரையில் கிடந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்தேன். செல்வி தடுக்கவில்லை. குழந்தை என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதன் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இங்க வந்ததுல இருந்து உங்ககூட அதே தண்ணியில கை வச்சவதான் நானும். பஞ்சைப் பிழிஞ்சது நான்தானே. எனக்கு வீட்டுல பிள்ளைங்க இருக்கு. பயமிருந்தா நான் இந்தப் பிள்ளையைத் தூக்குவேனா? வாங்க, வாங்கிக்கிடுங்க."

அவர் என்னையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார். முகத்தில் ஓர் அசைவு வந்தது. வந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"நீங்க கிளவுஸ் போட்டிருந்திய, மேடம்" என்றார்.

குழந்தை அவர் குரலைக் கேட்டுவிட்டது. என் இடுப்பிலிருந்து திரும்பி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவர் பக்கம் தாவியது. அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.